மூன்று தரப்பு, ஒரே சூரியன்: விண்வெளிப் போர் விளையாட்டு எங்கே உதைக்கிறது?

போர் விளையாட்டு ஒன்றை நீங்களே உருவாக்கி நண்பர்கள் முன்னால் விரித்தால், அது சரியில்லை என்று யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது சுற்றிலேயே ஒருவர் போனை நோண்டுவார். இன்னொருவர் "டீ சொல்லட்டுமா?" என்பார். முடிந்ததும் "நல்லாத்தான் இருக்கு, அடுத்த ஞாயிறு கேரம் போடலாம்" என்று தீர்ப்பு வரும். வடசென்னையில் கேரம் பலகையோடு மல்லுக்கட்டி ஒரு புது விளையாட்டு நிற்பது லேசில்லை.

இந்தப் பேச்சுகளைத்தான் கீழே அறிகுறிகளாக எடுத்திருக்கிறேன். உங்கள் மேசையில் எது காதில் விழுகிறதோ அந்தத் தலைப்புக்குப் போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பாதிக் கோளாறுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் நாங்கள் ஆடும் விளையாட்டையே எடுத்துக்கொள்கிறேன். சார்ட் பேப்பரில் வரைந்த அறுகோணக் கட்டம், கப்பலுக்குக் கேரம் காயும் சோடா மூடியும், ஆறு பக்கப் பகடை. (கடல்காற்றுக்குச் சார்ட் பறக்கும், நான்கு மூலையிலும் கல் வையுங்கள்.) தரப்புகள் மூன்று. புதன் கோளில் குடியிருப்பவர்கள் உலை. அங்கே சூரிய ஒளி பூமியில் கிடைப்பதைவிடச் சராசரியாக 6 மடங்குக்கும் மேல், மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, சுமார் 940 கி.மீ. விட்டமுள்ள சீரிஸ் என்ற குறுங்கோளில் இருப்பவர்கள் துறை. அவர்களிடம் தண்ணீர்ப் பனி ஏராளம். சனியின் நிலவான டைட்டனில் இருப்பவர்கள் மூட்டம். அந்த நிலவின் காற்றில் சுமார் 95 சதவீதம் நைட்ரஜன், தரையில் மீத்தேன் ஏரிகள்.

"இன்னாபா, மூணு பேரும் ஒண்ணுதானே?"

சோதனை எளிது. மூன்று தரப்பின் விதி அட்டைகளையும் எடுத்து, பெயரையும் நிறத்தையும் மறைத்துக்கொண்டு, ஆட்டம் தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எது யாருடையது என்று அவரால் சொல்ல முடியவில்லை என்றால் கோளாறு உறுதி.

இப்படி ஆவதற்குக் காரணம், ஒவ்வொரு தரப்பிடமும் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். வேகமான கப்பல், பெரிய பீரங்கி, தோல்வியே காணாத தளபதி. கல்யாணப் பத்திரிகையில் இரு வீட்டாரும் பட்டங்களை அடுக்குவது மாதிரி, அடுக்க அடுக்க இருவரும் ஒன்றாகவே தெரிவார்கள். அட்டையின் முதல் வரியில், இவர்களால் தாமாகப் பெற முடியாதது எது என்று எழுதுங்கள். அடுத்த வரியில் அந்தக் குறை மேசையில் எப்படி வலிக்கும் என்று ஒரே ஒரு விதி.

உலைக்குக் குறை, காற்று. புதனில் சொல்லிக்கொள்ளும்படி வளிமண்டலமே கிடையாது. தண்ணீர்ப் பனியும் துருவத்தில் வெயில் படாத பள்ளங்களில்தான். மெசஞ்சர் விண்கலம் 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றியபோது அதற்கு வலுவான சான்று கிடைத்தது. ஆக, மூன்று சுற்றுக்கு ஒருமுறை உலை காற்றைக் குறிக்கும் ஒரு வில்லையை மேசையிலிருந்து எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அதன் கப்பல்களில் ஒன்று செயலிழந்து கவிழ்த்து வைக்கப்படும்.

துறைக்குக் குறை, மின்சாரம். சீரிஸ் இருக்கும் தூரத்தில் சூரிய ஒளி பூமியில் கிடைப்பதில் சுமார் 13 சதவீதம்தான். எனவே நகர்வது, சுடுவது, பழுது பார்ப்பது இந்த மூன்றில் ஒரு சுற்றுக்கு இரண்டுதான் செய்யலாம், எத்தனை கப்பல் இருந்தாலும் சரி. எந்த இரண்டு என்பதைச் சுற்றின் தொடக்கத்திலேயே உரக்கச் சொல்லிவிட வேண்டும். எதிராளி கேட்டுக்கொண்டு இருப்பார், வலி அங்கேதான்.

மூட்டத்துக்கு உலோகமும் இல்லை, நேரமும் இல்லை. காசினி விண்கலம் 1997 அக்டோபரில் பூமியை விட்டுக் கிளம்பி 2004 ஜூலையில்தான் சனிக்குப் போய்ச் சேர்ந்தது. கதையில் இன்னும் நல்ல எஞ்சின் கொடுத்தாலும் அந்தத் தூரம் தூரம்தான். அதனால் மூட்டத்தின் துணைக் கப்பல்கள் எந்தச் சுற்றில், வரைபடத்தின் எந்த ஓரத்தில் வந்து இறங்கும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே சீட்டில் எழுதி மடித்துவிட வேண்டும். அப்புறம் மாற்ற முடியாது. இழந்த கப்பலுக்கு மாற்றும் வராது.

இப்போது பெயரை மறைத்துப் படித்தாலும் ஆள் தெரியும். அதைவிட முக்கியம், மூன்று குறைகளும் ஒன்றையொன்று தேட ஆரம்பித்துவிட்டன. உலைக்கு மூட்டத்தின் நைட்ரஜன் வேண்டும். மூட்டத்துக்கு உலையின் உலோகம் வேண்டும். தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிபொருளாகக் கிடைக்கும் என்பதால் இருவருக்குமே துறை வேண்டும். துறைக்கோ அந்தத் தண்ணீரைப் பிரிக்க உலையின் மின்சாரம் வேண்டும். இதற்கு மேல் பகையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

"எதுக்குப்பா இவங்க அடிச்சுக்கிறாங்க?"

இந்தக் கேள்வி வந்ததும் நம் கை தானாகவே வரலாற்றுக் குறிப்பு எழுதப் போகும். ஒரு பழைய துரோகம், கொலையான தூதர், கிழிக்கப்பட்ட ஒப்பந்தம் என்று நாற்பது பக்கம் ஓடும். எழுத ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உட்கார்ந்து ஆடுகிறவர் அதைப் படிக்க மாட்டார். படித்தாலும், தன் காயை எந்தக் கட்டத்துக்கு நகர்த்துவது என்று அந்தத் துரோகம் அவருக்குச் சொல்லாது.

அவருக்கு வேண்டியது ஓர் இடமும் ஒரு தேதியும். காசிமேட்டில் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனப்பெருக்கக் காலம் என்று 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. அதே கடல், அதே மீன், ஆனால் ஆளுக்கொரு காலண்டர். தடை முடியும் நாள் ஒருவருக்கு வருமானம் திரும்பும் நாள், மற்றவருக்குப் போட்டி திரும்பும் நாள். இதில் யாரும் கெட்டவர் இல்லை, யாரும் யாருக்கும் துரோகம் செய்யவும் இல்லை. ஆனாலும் உரசல் இருக்கிறது.

விண்வெளியில் காலண்டரைக் கோள்களே போட்டுக் கொடுத்துவிடுகின்றன. பூமியிலிருந்து செவ்வாய்க்குச் சிக்கனமாகக் கிளம்ப 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு என்பது பலருக்கும் தெரிந்த விஷயம். இதே கணக்கை எந்த இரண்டு கோளுக்கும் போடலாம். புதன் சூரியனைச் சுற்ற 88 நாள், சீரிஸ் சுற்ற சுமார் 1,680 நாள். இரண்டும் அதே ஒழுங்கில் மறுபடி வந்து நிற்க ஏறத்தாழ 93 நாள் ஆகும். சனி சூரியனை ஒருமுறை சுற்ற 29 வருடத்துக்கும் மேல் என்பதால், சனியும் சீரிஸும் அப்படி வந்து நிற்க ஐந்தரை வருடம் ஆகும்.

இந்த இரண்டு எண்ணிலேயே சண்டை இருக்கிறது. ஆட்டத்தின் ஒரு சுற்று 93 நாள் என்று வைத்தால், உலையின் வாடிக்கைக் கப்பல் ஒவ்வொரு சுற்றும் துறைக்கு வந்துபோகும். மூட்டத்தின் கப்பல் கூட்டமோ 21 சுற்றுக்கு ஒருமுறைதான். எங்கள் ஆட்டமே 8 சுற்று. ஆகவே மூட்டம் ஒரே ஒரு முறைதான் வரும், வந்தால் கிடங்கையே காலி செய்துகொண்டு போகும் அளவுக்கு வரும். உலை அதற்குள் தண்ணீரை வாங்கிக் குவித்துவிடப் பார்க்கும். துறையோ விலை ஏறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். மடித்து வைத்த சீட்டு எந்தச் சுற்றில் பிரியும் என்று மற்ற இருவருக்கும் தெரியாது. நாற்பது பக்க வரலாற்றை அப்புறம் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்

காத்திருப்பதற்குச் செலவே இல்லை என்றால் யார்தான் முதலில் கிளம்புவார்கள்? மேலே சொன்ன குறை விதிகளைப் போட்டாலே இது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் வரைபடத்தின் வழிகளையே அவ்வப்போது மூடித் திறங்கள்.

இதற்கு நாங்கள் வைத்திருக்கும் விதி பக்கத்து ஊரிலிருந்து எடுத்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும்போது பழவேற்காடு பக்கத்து மீனவர்களுக்குக் கடலில் இறங்க வேண்டாம் என்று அறிவிப்பு வரும். வேறு யாரோ மேலே போவதற்காக இவர்களுடைய அன்றைய கடல் மூடப்படுகிறது. உலைக்கும் அப்படி ஓர் அதிகாரம் கொடுத்தோம். உலையின் சரக்குக் கப்பல்கள் ஒளியால் உந்தப்படும் பாய்க் கப்பல்கள். ஒளி ஒரு பாயைத் தள்ளும் என்பதை ஜப்பானின் இகாரோஸ் விண்கலம் 2010-ல் சூரிய ஒளியை வைத்தே காட்டிவிட்டது. உலை லேசரை வைத்துத் தள்ளுகிறது. லேசரைத் திறக்கும் சுற்றில், அந்த நேர்கோட்டில் உள்ள கட்டங்களில் வேறு யாரும் நிற்கக் கூடாது, நின்றால் சேதம். உலை அதை ஆயுதம் என்று ஒருபோதும் சொல்லிக்கொள்ளாது, போக்குவரத்து என்றுதான் சொல்லும். மற்ற இருவரும் அந்த வார்த்தையைக் கேட்டாலே கொதிப்பார்கள். ஓரத்தில் உட்கார்ந்தவர் எழுந்து நகர்ந்தே ஆக வேண்டும்.

ஒரே தரப்புதான் ஜெயித்துக்கொண்டே இருக்கிறது

உடனே அந்தத் தரப்புக்குக் கப்பல் வாங்கத் தரும் புள்ளியைக் குறைக்காதீர்கள். முதலில் அதே இரண்டு பேரைத் தரப்பு மாற்றி உட்கார வையுங்கள். ஜெயிப்பு ஆளோடு நகர்ந்தால் அவர் நன்றாக ஆடுகிறார், அவ்வளவுதான். தரப்போடு நின்றால்தான் அடுத்த வேலை.

எண்ணிக்கையிலும் ஏமாறக் கூடாது. இரண்டு தரப்பு மட்டும் மோதி, இரண்டும் முழுக்கச் சமமாக இருந்தாலும், ஆறு ஆட்டத்தில் ஏதாவது ஒன்று ஐந்து அல்லது ஆறு ஆட்டத்தை வெல்ல 64-ல் 14 வாய்ப்பு உண்டு, அதாவது சுமார் 22 சதவீதம். "அஞ்சு தடவை அடிச்சுட்டான், ரூலை மாத்து" என்று கத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அப்படியும் கத்துவார்கள், அது வேறு.

உண்மையிலேயே சமனில்லை என்று தெரிந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள்.

பெரும்பாலும் சிக்குவது, கூட்டமாக வரும் சின்னக் கப்பல்களுக்கும் சிலவாக வரும் பெரிய கப்பல்களுக்கும் புள்ளியில் விலை போட்ட விதம். பிரெடரிக் லான்செஸ்டர் என்ற பிரிட்டன் பொறியாளர் முதல் உலகப் போர்க் காலத்தில் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். 1916-ல் அது புத்தகமாகவும் வந்தது. எல்லோரும் எல்லோரையும் குறிபார்த்துச் சுட முடிகிற சண்டையில், ஒரு படையின் பலம் அதன் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மூன்று மடங்கு கப்பல் என்றால் ஒன்பது மடங்கு பலம். உலையின் பெரிய கப்பலுக்கு மூன்று மடங்கு தாக்கு மட்டும் கொடுத்து, மூன்று சின்னக் கப்பலின் விலையை வைத்திருந்தீர்கள் என்றால் உலை ஏமாந்துவிட்டது. அந்தக் கப்பல் உண்மையில் சுமார் 1.7 சின்னக் கப்பலுக்குத்தான் சமம். தாக்கும் மூன்று மடங்கு, தாங்கும் திறனும் மூன்று மடங்கு என்றால்தான் மூன்றுக்கு மூன்று.

ஆனால் இந்தக் கணக்கு வெட்டவெளிக்கு. விண்கற்கள், குறுகலான வழி, துறைமுக வாசல் என்று ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கப்பல் மட்டுமே மோத முடிகிற இடங்களை வரைந்தால் எண்ணிக்கையின் ஆட்டம் அடங்கிவிடும். பெரிய கப்பல் தரப்பு தோற்றுக்கொண்டே இருந்தால், அதன் விலையைத் தொடும் முன் வரைபடத்தில் நான்கு கல்லை வைத்துப் பாருங்கள். எனக்குப் பிடித்த வைத்தியம் இதுதான். விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறாது.

இரண்டாவது, பகடையில் கூட்டும் ஒன்று. "எங்க ஆளுக்கு எல்லாத்துலயும் ஒண்ணு கூட" என்று எழுதுவது சுலபம். 6 விழுந்தால்தான் அடி என்று இருந்த இடத்தில் ஒன்று கூட்டினால் 5, 6 இரண்டும் அடியாகிவிடும், அடி இரட்டிப்பு. 3 முதல் 6 வரை அடி என்று இருந்த இடத்தில் அதே ஒன்று, நாலு வாய்ப்பை ஐந்தாக்கும். கால் பங்குதான் கூடுதல். ஒரே சொல், இரண்டு விலை. கடினமான அடி அதிகம் வரும் ஆட்டத்தில் அந்த ஒன்று தங்கம்.

மூன்றாவது, முதலில் சுடுகிறவர். ஒரு தரப்பு தன் எல்லாக் கப்பலாலும் சுட்டு முடித்த பிறகே அடுத்தவர் தொடங்குவது என்றால், அவர் தொடங்கும்போது பாதிக் கப்பல் இருக்காது. ஒரு சுற்றில் விழுந்த அடிகளையெல்லாம் சுற்றின் முடிவில்தான் கணக்கில் சேர்ப்பது என்று மாற்றினால் போதும். ஒன்றுக்கு ஒன்று மாறி மாறிச் சுடும் முறையும் நல்லதுதான், ஆனால் அதில் கப்பல் அதிகம் உள்ளவர் வேண்டாத காயைத் தள்ளிக்கொண்டே எதிராளியை முதலில் வெளிப்பட வைப்பார். சிறிய படைக்கு, தன் முறையைத் தாண்டிவிட, இரண்டு 'பாஸ்' வில்லை கொடுத்துவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மறைந்து வந்து அடிக்கும் தரப்பு மற்றவர்களைக் கடுப்பேற்றுகிறது

நீர்மூழ்கியை அப்படியே விண்வெளிக்குக் கொண்டுபோனதால் வரும் வினை. வெற்றிடத்தில் வெப்பத்தைக் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும். எஞ்சின் ஓடும் கப்பல் குளிர்ந்த பின்னணியில் பளிச்சென்று தெரியும். ஆகவே கப்பல் இருப்பதை மறைக்க வேண்டாம், அதற்குள் என்ன இருக்கிறது என்பதை மறைக்கலாம். காய்களைக் கவிழ்த்து வைத்து நகர்த்துங்கள். அடியில் போர்க்கப்பலா, காலிச் சரக்குக் கப்பலா என்பது கிட்டே வந்தபின்தான் தெரியும். நடுவராக உட்கார ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. 1824-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டிலேயே, எந்தப் பக்கத்துக்கு எது தெரியும் என்று முடிவு செய்ய நடுவர் இருந்தார்.

"அது வில்லன் கோஷ்டி, நான் எடுக்க மாட்டேன்"

அட்டையில் 'கொடூரமான', 'இரக்கமற்ற', 'வெறிபிடித்த' என்ற சொற்களைத் தேடுங்கள். இருந்தால் அடித்துவிடுங்கள். பிறகு ஒரே சம்பவத்தை மூன்று பேர் சொல்வதாக எழுதிப் பாருங்கள். துறை தன் தண்ணீர்க் குழாயை ஒரு பருவம் முழுக்க மூடி வைத்தது என்று வையுங்கள். பழுது பார்த்தோம் என்கிறது துறை. எங்கள் கழுத்தை நெரித்தார்கள் என்கிறது உலை. எங்களுக்கு எப்போதுமே கடைசியாகத்தான் சொல்கிறார்கள் என்கிறது மூட்டம். மூன்றுமே உண்மையாக இருக்க வேண்டும். ஒன்று பச்சைப் பொய் என்றால் அந்தத் தரப்பை மறுபடி எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வடசென்னை என்றாலே கையில் கத்தியைக் கொடுத்துவிடும் பழக்கம் கதை சொல்கிறவர்களுக்கு இருக்கிறது. அதே சோம்பேறித்தனம்தான் சுரங்கத் தொழிலாளர் தரப்பு என்றால் முரடர்கள், துறைமுகத் தரப்பு என்றால் கடத்தல்காரர்கள் என்று எழுத வைக்கிறது. எங்கள் மேசையில் துறைக்காரர்கள் கணக்கில் புலிகள், வட்டியில் ஒரு பைசா விட மாட்டார்கள். துப்பாக்கியை எடுத்தால் நஷ்டம் என்று தெரிந்தவர்கள். சண்டைக்கு வரும்போது அதனாலேயே அதிகம் பயமுறுத்துவார்கள்.

பெயர் குழம்புகிறது

மூன்று பெயரும் வேறு வேறு எழுத்தில் தொடங்கட்டும், கத்திச் சொல்ல முடிகிற நீளத்தில் இருக்கட்டும். எப்படியும் இரண்டாவது வாரம் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். அது நன்றாக இருந்தால் அட்டையில் அதையே எழுதிவிடுங்கள்.

"நாலாவதா ஒரு தரப்பு போடுங்க"

புதிதாக ஒரு குறை கிடைத்தால் போடலாம், புதிதாக ஒரு கப்பல் படம் கிடைத்ததற்காகப் போட வேண்டாம். இன்னும் யாரும் எடுக்காத குறை ஒன்று இருக்கிறது. அது, சொந்தமாக ஊரே இல்லாதது.

இதற்கு மாதிரி நம் துறைமுகத்துக்கே வந்துபோயிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் சென்னை மீது குண்டு வீசியது, துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அந்தக் கப்பலுக்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு தளமும் கிடையாது. பிடித்த கப்பல்களின் நிலக்கரியையும் எடுத்துக்கொண்டுதான் அவ்வளவு தூரம் ஓடியது. கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை உடைக்க ஆட்களை இறக்கியிருந்த நேரத்தில், நவம்பர் 9 அன்று, ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் வந்து அதை முடித்தது.

இதில் விதி முழுதாகவே இருக்கிறது. நாலாவது தரப்புக்கு ஒரே ஒரு கப்பல், நல்ல வேகம், நான்கு எரிபொருள் வில்லை. சுற்றுக்கு ஒரு வில்லை எரியும். ஒரு சரக்குக் கப்பலைப் பிடித்தால் இரண்டு வில்லை கிடைக்கும், ஆனால் பிடித்த சுற்றில் நகர முடியாது, அடுத்த சுற்றிலும் மற்றவர்கள் நகர்ந்து முடித்த பிறகே நகரலாம். வெற்றிக்குக் கணக்கு, ஆட்டம் முடியும்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே. ஐந்து வில்லை கொடுக்காதீர்கள். எட்டுச் சுற்று ஆட்டத்தில் ஐந்து இருந்தால் பாதி ஆட்டத்துக்கும் மேல் யாரையும் தொடாமல் ஓரமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். மூன்று என்றால் முதல் பகடையிலேயே பதற்றம் வந்துவிடும், புதிதாக ஆடுகிறவருக்கு அது வேண்டாம்.